இருபத்தைந்துக்கு முப்பத்தொன்று

எங்கள் வீட்டுக்குள் வைரஸ் டிக்கெட் எடுக்காமல் நுழைந்துவிட்டது என்பதுதான் அப்பாவின் முதல் வருத்தம். காய்ச்சல், இருமலெல்லாம் அப்புறம்.

அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், சந்தேகத்துக்கு இல்லை. ரயிலில் கண்ணை மூடித் தூங்குகிறவனை அவர் நம்ப மாட்டார். டிக்கெட் இல்லாதவன்தான் அப்படித் தூங்குவான் என்பார். கழிப்பறைக்குப் போய் நெடுநேரம் வராதவனையும் நம்ப மாட்டார். என்னை இரண்டு காரணத்துக்காகவும் நம்புவதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் சல்லடை. அவர் கைக்குப் போன எதுவும் ஓட்டை விழாமல் திரும்பியதில்லையாம்.

ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த அந்த மூச்சுக்குழாய் வைரஸ் கடைசியில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. முதலில் காய்ச்சல் வந்தது அண்ணிக்கு. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அப்பா இருமிக்கொண்டிருந்தார். ஆனால் அதை அவர் இருமலில் சேர்க்கவில்லை. “தொண்டையைச் சரிபண்றேன்” என்றார். ஒரு மனிதர் தன் சொந்தத் தொண்டையைச் சரிபண்ணுவதை யார் கேட்க முடியும்?

அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறான். அவன் குரல் மட்டும் அவ்வப்போது கரை ஒதுங்கும். எனவே விசாரணைக்குக் கிடைத்தவர்கள் அம்மா, அண்ணி, நான். அம்மாவை விசாரிக்கும் தைரியம் அப்பாவுக்கு இல்லை. என்னை ஏற்கெனவே போதுமான அளவு விசாரித்தாயிற்று. மிச்சம் அண்ணி.

அண்ணி ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். நாள் முழுக்கத் திறந்த வாய்களுக்குள் விளக்கைத் திருப்புவதும், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும், அழுகிற பெரிய மனிதர்களின் தோளைத் தட்டிக்கொடுப்பதும் அவர் வேலை. அந்தப் பல் டாக்டர் அடுத்த மாதம் இன்னொரு கிளை திறக்கப்போகிறார். அதன் பொறுப்பை அண்ணியிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தச் செய்தியைச் சொல்ல வந்த அன்று அண்ணி மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். அப்பா அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

காய்ச்சல் வந்ததும் அண்ணி மாடி அறைக்குப் போய்விட்டார். அப்பா தன் அறையின் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் மாடிப்படியின் மேல்முனை தெரியும். விசாரணை அங்கேதான் நடந்தது.

“ஊர்ல இருக்கறவன் எல்லாம் உன் மூஞ்சிக்கு நேரா ஆ-ன்னு வாயைத் திறக்கறான். அப்புறம் இது வேற எப்படிம்மா வரும்? தபால்லயா?”

“நான் மாஸ்க் போட்டுக்கறேன் மாமா. அதுக்கு மேல கண்ணாடித் தடுப்பும் போட்டுக்கறேன்.”

“அவன் போட்டுக்கறானா?”

“பல்லைப் பிடுங்கறப்போ அவங்க எப்படி மாமா போட்டுக்க முடியும்?”

“பார்த்தியா! ஒத்துக்கறா.”

அம்மா சமையலறையிலிருந்து தலையை நீட்டி, “அவ எதை ஒத்துக்கிட்டா இப்போ? பல்லு வாய்க்குள்ள இருக்குங்கறதையா?” என்றார்.

அப்பா கேட்காத மாதிரி இருந்தார். “அந்த வேலையை விட்டாத்தான் வீடு உருப்படும்” என்றார்.

மேலேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. காய்ச்சலிலும் அது தெளிவாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. “நான்தான் கொண்டுவந்தேன்னு நிரூபிங்க மாமா. நிரூபிச்சுட்டீங்கன்னா நானே வேலையை விட்டுடறேன்.”

“பேச்சு மாற மாட்டியே?”

“நான் மாற மாட்டேன். நீங்க மாறாம இருந்தாச் சரி.”

இப்படியாக, சுவாச நோய் ஒன்று எங்கள் வீட்டில் பந்தயமாக உருமாறியது. பந்தயப் பொருள் அண்ணியின் வேலை.

எல்லோரும் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டோம். மாதிரிகள் போனது நான் புராஜெக்ட் செய்கிற பரிசோதனைக் கூடத்துக்கேதான். நான் நுண்ணுயிரியல் கடைசி வருடம். என் புராஜெக்டின் தலைப்பு ‘ஒரு சுவாச வைரஸின் வெவ்வேறு உருமாற்றங்களில் வைரஸ் அளவும் நோயின் தீவிரமும்’. தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் இன்னொரு உருமாற்றம் வந்துவிடும் என்று வகுப்பில் சொல்வார்கள்.

பரிசோதனைக் கூடத்தின் தலைவிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மைனஸ் எண்பது. மாதிரிகளைப் பாதுகாக்கும் உறைபெட்டியின் வெப்பநிலை அது. காலையில் அவருக்கு வணக்கம் சொல்கிறவர்களுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். நான் ஒருமுறை என் வரைபடத்தை அவரிடம் கொண்டுபோனேன். ஒரு பக்கம் நோயாளிகளின் வைரஸ் அளவு, இன்னொரு பக்கம் அவர்கள் எவ்வளவு மோசமானார்கள் என்பது. புள்ளிகள் கடுகு டப்பா கைதவறின மாதிரி கிடந்தன.

“நடுவுல ஒரு கோடு போடலாமா மேடம்?”

“எதுக்கு?”

“தலைப்புல வைரஸ் அளவும் தீவிரமும்னு இருக்கே. ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம்...”

“இல்லாத சம்பந்தத்தை நீ எதுக்குப் பேசறே? நீ என்ன கல்யாணத் தரகரா?”

“புது உருமாற்றத்துல வைரஸ் நிறைய, நோய் கம்மின்னு எல்லாரும் சொல்றாங்களே மேடம்.”

“அவங்கள்ல எத்தனை பேர் ஊசி போட்டவங்க? எத்தனை பேருக்கு முன்னாடியே வந்துபோச்சு? நோய் வந்து எத்தனாவது நாள் குச்சி விட்டாங்க? தெரியுமா? தெரியாதுன்னா கோட்டைப் பையில வச்சுக்கோ.”

நான் இரண்டு சந்தேகப் பேர்வழிகளுக்கு நடுவில் வாழ்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது. அப்பா ஆளைச் சந்தேகப்படுவார், எண்ணை நம்புவார். மைனஸ் எண்பது எண்ணைச் சந்தேகப்படுவார். ஆளையும் சந்தேகப்படுவார்தான். ஆனால் எண்ணைக் கொஞ்சம் கூடுதலாக.

முடிவு வந்தது. அம்மாவுக்கும் எனக்கும் இல்லை. அப்பாவுக்கும் அண்ணிக்கும் உண்டு. எங்கள் கூடத்தின் அறிக்கையில் உண்டு, இல்லை என்பதோடு சி.டி. மதிப்பு என்று ஓர் எண்ணும் அச்சாகும். அண்ணிக்குப் பதினாறு. அப்பாவுக்கு முப்பத்தொன்று.

அப்பா தாளை முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரங்களைத் தடவிப் பார்த்தார். போலி இல்லை என்று தெரிந்தபின் என்னைக் கூப்பிட்டார். நான் கதவுக்கு வெளியே, மாஸ்க்குக்கு உள்ளே நின்றேன்.

“முப்பத்தொண்ணுன்னா எனக்குத்தான் ஜாஸ்தியா?”

“இல்லைப்பா. தலைகீழ். மெஷின் வைரஸோட துணுக்கை ஒவ்வொரு சுற்றுலயும் ரெட்டிப்பாக்கும். கண்ணுக்குத் தட்டுப்படற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். நிறைய இருந்தா சீக்கிரம் தெரிஞ்சிடும், எண் சின்னதா வரும். கொஞ்சமா இருந்தா ரொம்ப சுத்தணும், எண் பெருசா வரும்.”

அப்பா யோசித்தார். “வண்டி முழுக்க வித்தவுட்டுன்னா ஏறின பெட்டியிலேயே ஒருத்தன் மாட்டுவான். ஒருத்தன் ரெண்டு பேர்தான்னா கடைசிப் பெட்டி வரைக்கும் நடக்கணும்.”

“அதேதான்பா!”

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த அறையில் அன்று பேசப்பட்ட கடைசிச் சரியான வாக்கியம் அதுதான்.

“அப்போ அவகிட்ட நிறைய இருக்கு. என்கிட்ட கொஞ்சம்.” அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “இருக்கறவன்தானே கொடுக்க முடியும்? என்கிட்ட இருக்கறது அவ கொடுத்ததுல ஒட்டினது. நிரூபிச்சாச்சு. திங்கக்கிழமை ராஜினாமா.”

“அப்பா, அப்படி இல்லை...”

“இன்னொண்ணு. எனக்கு முப்பத்தொண்ணு. கிட்டத்தட்ட காலி வண்டி. எனக்கு ஒண்ணுமில்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. கஷாயம் கிஷாயம்னு வரவேண்டாம்.”

மேலேயிருந்து குரல் வந்தது. “மாமா, பதினாறு இருக்கறவ இங்க நின்னு துணி காயப்போட்டுக்கிட்டிருக்கேன். முப்பத்தொண்ணு இருக்கறவர் சாஞ்சு உட்கார்ந்திருக்கீங்க. இது என்ன கணக்கு?”

உண்மையில் அண்ணிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. தொண்டையில் மட்டும் கொஞ்சம் கரகரப்பு.

“அதான் எனக்கும் சந்தேகம்!” அப்பா உற்சாகமானார். “உடம்பு முழுக்க வச்சுக்கிட்டு ஒண்ணுமே இல்லாத மாதிரி நிக்கறியே, இது நல்ல பழக்கமா? நானும் பார்த்திருக்கேன். டிக்கெட் இல்லாதவன்தான் ரொம்பத் தெளிவா நிப்பான்.”

தூங்கினாலும் குற்றம், நின்றாலும் குற்றம். ரயில்வேயில் இவரிடமிருந்து தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் மைனஸ் எண்பதிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கணினியில் எங்கள் வீட்டு மாதிரிகளைத் திறந்தார்.

எங்கள் பரிசோதனை, வைரஸின் மூன்று மரபணுக்களைத் தேடும். பழைய உருமாற்றம் என்றால் திரையில் மூன்று கோடுகள் எழும்பும். புதியதில் ஒரு மரபணு கொஞ்சம் மாறியிருப்பதால் பரிசோதனைக்கு அதை அடையாளம் தெரியாது. இரண்டு கோடுகள்தான் எழும்பும். ஒன்று விழுந்த மாதிரி இருக்கும். அதனால் எங்கள் கூடத்தில் புதியதற்குப் பெயர் பொக்கை. பழையது முழுப்பல்.

“உங்க அண்ணி பொக்கை” என்றார் மைனஸ் எண்பது. “உங்க அப்பா முழுப்பல்.”

“நிச்சயமா மேடம்?”

“வைரஸ் கம்மியா இருந்தா ஒரு கோடு தானாவே காணாமப் போகலாம். பதினாறுல போகாது. முப்பத்தொண்ணுல மூணும் நிக்குது. ரெண்டு பேரும் வேற வேற வண்டியில வந்தவங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “முப்பத்தொண்ணுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. இப்பத்தான் ஏற ஆரம்பிக்குது, இல்லைன்னா இறங்கிக்கிட்டிருக்கு. அவருக்கு இருமல் எப்போலேருந்து?”

“இருமல் இல்லை மேடம். தொண்டையைச் சரிபண்றார். ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்.”

“மூக்குல அளவு இறங்கினா உடம்பை விட்டுப் போச்சுன்னு அர்த்தமில்லை. சில பேருக்கு அப்போதான் நெஞ்சுல ஆரம்பிக்கும். நம்பரை விடு. ஆளைப் பாரு.”

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கோடு போடாமல் ஒரு விஷயத்தை நம்புவதற்கு அதுவே போதும் என்று கிளம்பினேன்.

வீட்டில் நான் செய்த தவறு, எல்லாவற்றையும் கூடத்தின் பாஷையிலேயே சொன்னதுதான்.

“அப்பா, உங்களுக்கு வந்தது வேற, அண்ணிக்கு வந்தது வேற. அண்ணியோடது பொக்கை. உங்களோடது முழுப்பல்.”

அப்பா மெதுவாக நிமிர்ந்தார். “என்னது?”

“புது வைரஸுக்கு ஒரு பல்லு... அதாவது ஒரு கோடு விழுந்திருக்கும். உங்களோடதுல மூணும் இருக்கு.”

“வைரஸுக்குப் பல்லு.”

“பேருக்குச் சொல்றதுப்பா.”

“டேய். உங்க அண்ணி எங்கே வேலை பார்க்கறா?”

“பல்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

“பல் ஆஸ்பத்திரியில. அவ உடம்புல இருக்கற வைரஸுக்குப் பல்லு விழுந்திருக்கு.” அப்பா நாற்காலியில் சாய்ந்தார். அரசுத் தரப்பு வாதம் முடிந்த களை அந்த முகத்தில் இருந்தது. “இதுக்கு மேல என்னடா நிரூபிக்கணும்? எங்கே பல்லைப் பிடுங்கினாங்களோ அங்கேருந்துதான் வந்திருக்கு.”

அம்மா என்னைப் பார்த்து, “இதுக்காடா ஃபீஸ் கட்டினோம்?” என்றார்.

அண்ணி மாடிப்படியின் மேல்முனையில் வந்து நின்றார். கையில் போன் இருந்தது. பல் டாக்டருக்கு எழுதிய ராஜினாமாச் செய்தி திரையில் இருந்தது, இன்னும் அனுப்பவில்லை. “விடுப்பா” என்றார் என்னிடம். “சொன்னது சொன்னதுதான். நிரூபிச்சா விட்டுடறேன்னு சொன்னேன். எதை வச்சு நிரூபிக்கணும்னு சொல்லாம விட்டது என் தப்பு.”

“என்ன... நினைச்சுக்கிட்டிருக்கே...” அப்பா மேலே பார்த்துச் சொன்னார். “வீட்டுக்கு... வந்த மருமக... மாமனார் பேச்சை...”

அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைச் சைகையால் கூப்பிட்டார். நான் படியின் பாதி வரை ஏறினேன்.

“மாமா என்னைத் திட்டறப்போ நடுவுல நிறுத்தறார்.”

“யோசிக்கறாரோ என்னவோ அண்ணி.”

“யோசிச்சுத் திட்டற ஆளா அவர்? கல்யாணமானதுலேருந்து கேட்கறேன், ஒரு திட்டு ஆரம்பிச்சா முற்றுப்புள்ளி வரைக்கும் மூச்சே விட மாட்டார். முந்தாநாள்கூட அப்படித்தான் இருந்தார். இப்போ ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கறார். ஆக்சிமீட்டரை மாட்டிப் பாரு.”

ஒருவர் திட்டுவதை அவ்வளவு கவனமாகக் கேட்க, திட்டு வாங்குகிறவரால் மட்டும்தான் முடியும்.

அப்பாவின் விரலில் கருவியை மாட்டினேன். தொண்ணூற்றொன்று காட்டியது. பிறகு தொண்ணூறு.

“நூத்துக்குத் தொண்ணூறு” என்றார் அப்பா. “டிஸ்டிங்ஷன். நீ... வாங்கியிருக்கியா... எதுலயாவது?”

“இது மார்க் இல்லைப்பா.”

“நம்பர் பெருசா இருந்தாலும்... தப்புங்கறே. சின்னதா இருந்தாலும்... தப்புங்கறே. ஒரு நிலைக்கு வாடா.”

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல நேரமில்லை. அண்ணி அதற்குள் எங்கள் குடும்ப டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனைப் படியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டார். நான் அதைத் துடைத்து எடுத்துவந்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

“மூச்சு வாங்குதா?” என்றார் டாக்டர்.

“வாங்கலை... விடறேன்” என்றார் அப்பா.

“சி.டி. எடுத்தீங்களா?”

“எடுத்தாச்சு டாக்டர்.”

“ஸ்கோர் எவ்வளவு?”

“முப்பத்தொண்ணு.”

டாக்டர் பக்கத்தில் சத்தமே இல்லை. அந்த மௌனத்தை அப்பா பாராட்டாக எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“முப்பத்தொண்ணா?”

“முப்பத்தொண்ணு. தாள்... என் பையிலேயே இருக்கு.”

“சார், அது இருபத்தஞ்சுக்குத்தானே போடுவாங்க? இருபத்தஞ்சுக்கு எப்படி முப்பத்தொண்ணு வரும்?”

அப்பா ஒரு கணம் தயங்கினார். பிறகு அடக்கமாக, “நான் எப்பவுமே... கொஞ்சம் கூடுதலாத்தான்...” என்றார்.

நான் போனைப் பிடுங்கி, குழப்பத்தையும் ஆக்சிமீட்டரின் தொண்ணூறையும் சொன்னேன். டாக்டர் கேட்டது நெஞ்சை எடுக்கும் சி.டி. ஸ்கேன். நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று இருபத்தைந்துக்கு மதிப்பெண் போடுவார்கள். அப்பா சொன்னது மூக்குக் குச்சியின் சி.டி. மதிப்பு. பெயர் ஒன்று, ஆள் வேறு. என் புராஜெக்டின் தலைப்பில் இருக்கிற வைரஸ் அளவும் தீவிரமும் ஒரே இனிஷியலைப் போட்டுக்கொண்டு திரிகின்றன என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை.

“தொண்ணூறுன்னா வீட்ல வச்சுப் பேசிக்கிட்டிருக்காதீங்க” என்றார் டாக்டர். “வண்டியைக் கூப்பிடுங்க.”

ஆம்புலன்ஸ் வாசலில் நின்றபோது அப்பா நடந்தே வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வண்டியின் படியில் கால் வைத்ததும் நின்று, பின்னால் திரும்பி மாடியைப் பார்த்தார். மாஸ்க்குக்குள்ளிருந்து, “திங்கக்கிழமை... மறக்காதே” என்றார்.

“மூச்சை மிச்சம் பிடிங்க மாமா” என்றார் அண்ணி. “திரும்பி வந்து சொல்லலாம்.” குரலில் கிண்டல் இருந்தது. ஆனால் வண்டி தெருமுனை திரும்பும்வரை கைப்பிடிச் சுவரை விட்டு நகரவில்லை.

ஸ்கேனில் இருபத்தைந்துக்குப் பதினான்கு. இந்தச் சி.டி.யில் எண் பெரிதானால் கேடு. முந்தைய சி.டி.யில் எண் சின்னதானால் வைரஸ் அதிகம். ஆக்சிமீட்டரில் எண் சின்னதானால் ஆபத்து. ஆஸ்பத்திரிக்காரர்கள் இதையெல்லாம் வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டுகிற செவிலியரிடம் அப்பா சொன்னார். அவர், “ஆமாம் சார், எங்களுக்கு வேற வேலை இல்லை” என்று பட்டையை இறுக்கினார்.

மறுநாள் அம்மா அப்பாவின் சட்டைகளைத் துவைக்கப் போடும்போது என்னைக் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு சீட்டு இருந்தது. ரயில் சீட்டு இல்லை. சீட்டுக்கட்டுச் சீட்டு. ஜோக்கர்.

“இது என்னடா?”

“ஜோக்கர்மா.”

“அது தெரியுது. உங்கப்பா பையில ஏன் இருக்கு? சாயங்காலம் சாயங்காலம் நடக்கப் போறேன்னுதானே போவார்?”

அதற்குள் வீட்டுப் போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரைப் போட்டார். அப்பாவோடு ஒரே ரயிலில் பல வருடம் ஓடிய, ஓய்வு பெற்ற கார்டு. பச்சைக் கொடி, சிவப்புக் கொடி பிடிக்கிற கார்டு.

“சல்லடை இருக்கானா?” என்றார். நடுவில் இருமினார். “எங்க கட்டுல ஜோக்கரைக் காணோம். அவன்தான் தூக்கிட்டுப் போயிருக்கான். தான் இல்லாம நாங்க ஆடிடக் கூடாதுன்னு எப்பவும் பண்ணுவான். ஜோக்கர் அங்கேதானே இருக்கு?”

“ஜோக்கர் ஆஸ்பத்திரியில இருக்கார்” என்றார் அம்மா.

மறுமுனையில் இருமல் நின்றது.

“எத்தனை நாளா உங்க வீட்ல சீட்டு?” என்று கேட்டார் அம்மா. டிக்கெட் பரிசோதனையில் யார் திறமைசாலி என்பது அந்தக் கேள்வியில் முடிவாகிவிட்டது.

“சும்மா... பொழுது போகலைன்னு... ஜன்னலையெல்லாம் சாத்திக்கிட்டு, யாருக்கும் தெரியாமத்தான்மா.” பிறகு கார்டு தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார். “போன ஆட்டத்துலேருந்து எங்க நாலு பேருக்குமே இருமல். மத்த மூணு பேரும் பரிசோதனை பண்ணிக்கிட்டோம். எல்லாருக்கும் இருக்கு. அவனையும் பண்ணிக்கச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஜோக்கரும் வேணும்.”

கார்டும் நண்பர்களும் பரிசோதித்துக்கொண்டது எங்கள் கூடத்திலா, அவர்களுடையது முழுப்பல்லா பொக்கையா என்று நான் மைனஸ் எண்பதிடம் கேட்டேன். “மத்தவங்க வாய்க்குள்ள எட்டிப்பார்க்கறது உங்க அண்ணி வேலை, உன் வேலை இல்லை” என்று சொல்லிவிட்டார். எனவே அறிவியல் முறைப்படி அது நிரூபணமாகவில்லை. ஆனால் அண்ணிக்குக் காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரம் முன்பே தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவர், வேறு வகை வைரஸோடு, மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் மூன்று பேரோடு உட்கார்ந்திருந்தார். ரயிலில் இவ்வளவு ஆதாரத்துக்கு அப்பா இரட்டை அபராதம் போட்டிருப்பார்.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அப்பா சற்றுத் தெளிவாக இருந்தார். விரலில் இருந்த கருவி தொண்ணூற்றைந்து காட்டியது. மாஸ்க்கை விலக்கி, “அவ அனுப்பிட்டாளா?” என்றார்.

“இன்னும் இல்லைப்பா. திங்கக்கிழமைன்னுதானே சொன்னீங்க?”

நான் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த ஜோக்கரை எடுத்து அவர் போர்வை மேல் வைத்தேன். “கார்டு போன் பண்ணினார். அம்மாதான் எடுத்தாங்க.”

அப்பா சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். இறங்கி ஓட வழியில்லை.

பிறகு கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தார்.

நான் சற்று நேரம் காத்திருந்தேன். ஒரு மனிதர் எதற்காக அப்படித் தூங்குவார் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எழுந்து கதவருகே வந்தபோது பின்னால் குரல் கேட்டது. கண் திறக்கவில்லை.

“அனுப்ப வேண்டாம்னு சொல்லு.”

“என்ன காரணம் சொல்றதுப்பா?”

“காரணம் கேட்டா... நான் தூங்கறேன்னு சொல்லு.”

அண்ணியிடம் அப்படியே சொன்னேன். அவர் போனை எடுத்து அந்தச் செய்தியை அழித்தார். அழித்த பிறகும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “தூங்கட்டும்” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பொக்கையின் மிச்சமாக இருக்கலாம். நான் அதற்கு மேல் ஆராயவில்லை.

புதிய கிளை திறந்த அன்று காலை அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து சில வாரம் ஆகியிருந்தது. படியேறினால் இன்னும் இளைப்பு வந்தது. ஆனால் திட்டு மட்டும் பழையபடி முற்றுப்புள்ளி வரை போக ஆரம்பித்திருந்தது. அண்ணி புதுச் சீருடையில் வந்து செருப்பை மாட்டினார்.

“கார்டைக் காட்டு” என்றார் அப்பா.

அண்ணி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அப்பா முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். ‘கிளைப் பொறுப்பாளர்’ என்ற எழுத்தின் மேல் கட்டை விரலை ஓட்டினார். பிறகு எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். சரியான டிக்கெட்டுக்கு அவர் பணிக்காலத்தில் கொடுத்த அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

“போயிட்டு வரேன் மாமா.”

“ஜன்னலைத் திறந்து வச்சு வேலை பாரு.”

“நீங்களும் சீட்டாடறப்போ திறந்து வச்சுக்கோங்க.”

உள்ளே அம்மா சிரித்தது கேட்டது. அண்ணி தெருமுனை திரும்பும்வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை மெதுவாக என் பக்கம் திருப்பினார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான்.

“டேய். கீழே எனக்கு ஒண்ணு. மேலே அவளுக்கு வேற ஒண்ணு. நீ ரெண்டு அறைக்கும் போய் வந்துக்கிட்டிருந்தே. அந்தக் கூடத்துல வேற முழுப்பல்லும் பொக்கையுமா கிடக்கு.”

“ஆமாம்பா.”

“உனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே வரலை?”

இதற்கு என் புராஜெக்டிலும் பதில் இல்லை. நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.